கட்ஜன் பின்னை வீட்டிலேயே போடலாமா, போரிங் ஷாப்புக்குக் கொடுக்கலாமா?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி. என்ஜினை இறக்கிப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரும் முடிந்து, புது பிஸ்டன் செட் வந்து வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. பிஸ்டனையும் அதை ஆட்டும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின்தான் அவர் கவலை. "பின்னை நானே போட்டுக்கொள்ளட்டுமா, இல்லை போரிங் ஷாப்பிலேயே போட்டுத் தரச் சொல்லட்டுமா?" அதே வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பரும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருத்தர் வண்டி கெட்டுவிடும்.

பார்த்தால் அற்ப சாமான். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய், அவ்வளவுதான். ஆனால் என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் நொடிக்கு 133 தடவை திசை மாறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அடி முழுவதையும் வாங்குவது இந்தக் குழாய். அது லூசானால் ஐடிலில் 'டக்டக்' என்று இரட்டைத் தட்டாகக் கேட்கும். டைட்டானால் பிஸ்டன் கோணலாகத் தேயும். இடம் நகர்ந்து சிலிண்டர் சுவரைத் தொட்டுவிட்டால் புது ரீபோரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். பிறகு சிலிண்டருக்குள் புதுக் குழாயாக ஸ்லீவ் போடும் கதைதான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பெரும்பாலானவர்கள் கூலியில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பின் போடும் கூலி ஒரு பிஸ்டன் செட் விலையோடு ஒப்பிட்டால் கொசுறு.

முதல் கேள்வி, உங்கள் ராடு எந்த வகை? ராடின் சின்ன முனையைப் பாருங்கள். உள்ளே வெண்கல புஷ் (குழாய் மாதிரி ஒரு உள்வளையம்) இருந்து, பிஸ்டன் துளையின் இரு ஓரத்திலும் பின்னை வெளியே வராமல் தடுக்கும் சர்க்கிளிப் வளையத்துக்கான காடி (சுற்றுப் பள்ளம்) இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங், அதாவது பின் ராடிலும் பிஸ்டனிலும் சுழலும். சின்ன முனையில் ஒரு பிளவும் அதன் குறுக்கே ஒரு போல்ட்டும் இருந்தால் கிளாம்ப் வகை. புஷ்ஷும் இல்லை, பிளவும் இல்லை, காடியும் இல்லை என்றால் பிரஸ் ஃபிட், பின் ராடுக்குள் இறுகப் பிடித்தே நிற்கும். புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் கையில் இருப்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஐம்பது வயது வண்டியில் நடுவில் யார் எந்த ராடை மாட்டியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, தவறு நடந்தால் திரும்ப வர முடியுமா? என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. சர்க்கிளிப்பைத் தப்பாகப் போட்டால் கழற்றி மறுபடி போடலாம். பிரஸ் ஃபிட் பின் பாதி வழியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் பிஸ்டனை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது அளவு. இங்கேதான் வீட்டு வேலைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். நம்மிடம் இருப்பது வெர்னியர். அதன் ஒரு கோடு 0.02 மி.மீ. பின்னுக்கும் பிஸ்டன் துளைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே பழைய அம்பாசிடரின் பி-சீரிஸ் என்ஜினில் 0.0025 முதல் 0.009 மி.மீ. வரைதான். வெர்னியரின் ஒரு கோட்டில் பாதிகூட இல்லை. மிளகாய் நிறுக்க லாரி எடை மேடையைத் தேடிப் போகிற மாதிரி ஆகிவிடும். வெளி அளவுக்கு மைக்ரோமீட்டர், உள் அளவுக்கு போர் கேஜ், இந்த இரண்டும் இல்லாமல் நான் அளந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான்காவது நம் ஊர். கடற்கரைக் காற்றில் வழவழப்பாக அரைத்த எஃகுப் பின்னை வெறுங்கையால் தொட்டு வைத்தால் மறுநாள் காலையில் உங்கள் கைரேகை அதன் மேல் துருவாக நிற்கும். உறையைப் பிரித்தால் உடனே எண்ணெய் தடவி எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள். துருக்குழி விழுந்துவிட்டால் அந்தப் பின் குப்பைக்குத்தான் போக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

வெயிலும் கணக்கில் சேர்த்தி. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பி-சீரிஸ் கையேடுகள் சொல்லும் 'கையால் தள்ளினால் போகும் பிடிமானம்' 20 டிகிரி சூட்டுக்கு உரியது. அக்னி நட்சத்திர மதியத்தில் 38 டிகிரியில் அதே பிஸ்டனைச் சோதித்தால் துளை பின்னைவிட 0.003 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக விரிந்திருக்கும். மேலே சொன்ன இடைவெளியோடு வைத்துப் பாருங்கள், சின்ன விஷயம் இல்லை. நல்ல பின்னையே 'லூசு' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்யுங்கள். மார்கழி என்றால் இன்னும் நல்லது.

## வழி ஒன்று: ஃபுல் ஃப்ளோட்டிங், வீட்டில் கையால்

பத்மினிக்காரருக்கு இதுதான். பழைய ஃபியட் 1100 வழியில் வந்த 1089 சிசி என்ஜின், போர் 68, ஸ்ட்ரோக் 75 மி.மீ. ராடில் வெண்கல புஷ், பிஸ்டனில் சர்க்கிளிப்.

பின் பிஸ்டனுக்குள் இறுக்கமாக இருந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். பிஸ்டனைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். 20 மி.மீ. துளை ஒன்று 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 0.028 மி.மீ. விரியும். பின் கட்டைவிரல் அழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு போகும். பிஸ்டனைத் துணியால் பிடித்து ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் தடவிய பின்னை ஒரே தள்ளில் அனுப்ப வேண்டும். நடுவில் நிறுத்தி யோசித்தால் சூடு பரவி அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

பின்னை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், கிடைக்கும் சுருக்கம் 0.01 மி.மீ. சொச்சம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த மறுநொடி அது வியர்த்துக் கொட்டும். அந்த ஈரம் புஷ்ஷுக்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு என் அம்மா, "மீன் வைக்கிற இடத்துல இரும்பை வைக்கிறானே" என்று ஒரு வாரம் பேசினார்கள். வெந்நீரே போதும்.

சர்க்கிளிப் எப்போதும் புதுசு. கழற்றிய பழையதில் விறைப்பு போயிருக்கும். கம்பி வகை என்றால் அதன் வாய் மேலே அல்லது கீழே பார்க்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. தகடு வகை என்றால் கூர்விளிம்புள்ள பக்கம் வெளியே. போட்டபின் சின்ன ஸ்க்ரூடிரைவரால் காடிக்குள் சுழற்றிப் பாருங்கள், முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்க வேண்டும். போடும்போது ஒன்றாவது துள்ளி எங்கேயாவது போகும் என்பது உறுதி, அதனால் இரண்டு கூடுதலாக வாங்குங்கள். ஒரு சர்க்கிளிப்புக்காகச் சென்னை ஜி.பி. ரோடு வரை போய் வந்தவன் சொல்கிறேன், ஒரு வழிக்கே 150 கிலோமீட்டர் சொச்சம்.

இதில் கண்ணில் படாத செலவு புஷ்ஷில் இருக்கிறது. பிஸ்டன், பின் எல்லாம் புதுசு, புஷ் மட்டும் பழசு என்றால் தட்டல் போகாது. புது புஷ்ஷை அழுத்திப் போட்டால் துளை சுருங்கும், அதை அளவுக்குத் திறக்க வேண்டும். கை ரீமரால் திறக்கலாம் என்பார்கள். நானும் திறந்திருக்கிறேன். ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல் என்று புனல் மாதிரி வந்தது. ராடும் பின்னும் சேர்த்து போரிங் ஷாப்பில் கொடுங்கள், அவர்கள் ஒவ்வொரு பின்னுக்கும் பொருத்தமாக ஹோன் பண்ணி, அதாவது சாணைக்கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து, தரட்டும். எந்த ராடு எந்தப் பின் என்று எண் போட்டுக் கொடுங்கள். புஷ்ஷின் எண்ணெய்த் துளை ராடின் துளையோடு நேராக இருக்கிறதா என்று வாங்கும்போதே ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். சரியான பின் எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் தள்ளினால் போகும், தன் எடையில் தானாக விழாது.

## வழி இரண்டு: கிளாம்ப் போல்ட், வீட்டில், ஆனால் எச்சரிக்கையாக

லாஸ்பேட்டை நண்பரின் அம்பாசிடர் பழைய 1489 சிசி பெட்ரோல். பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம், போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அந்தக் குடும்பத்தின் 1489 சிசி பெட்ரோல் ராடு கிளாம்ப் வகை. பின்னின் நடுவில் ஒரு காடி வெட்டியிருக்கும், போல்ட் அதன் வழியாகக் குறுக்கே போய் ராடின் சின்ன முனையை இறுக்கும். பின் ராடில் அசையாது, பிஸ்டனில் மட்டும் சுழலும். சர்க்கிளிப் கிடையாது. (பின்னாளில் வந்த இசுசு 1817 சிசி என்ஜின் வேறு சாதி. இங்கே சொல்வதை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.)

பார்த்தால் எல்லாவற்றிலும் எளிது, ஒரு போல்ட் மட்டும்தானே. நான் ஏமாந்ததும் இங்கேதான். முதல்தடவை ராடை வைஸில் கவ்விக்கொண்டு ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். போல்ட் இறுகியது, கூடவே ராடும் முறுகியது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. போரிங் ஷாப்பில் பெரியவர் ஒருவர் ராடைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை எதுல புடிச்சு டைட் வச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இறுக்கும் விசை ராடின் உடம்பு வழியாகப் போகக் கூடாது. கட்ஜன் பின் என்பது உள்ளே ஓட்டையான குழாய். அதன் இரு வாய்க்கும் பொருந்தும்படி லேத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைகளைப் பின்னில் செருகி, அந்தக் கட்டைகளை வைஸில் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். திருகும் விசையைப் பின் தாங்கிக்கொள்ளும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இதைக் கடைந்து தர ஆள் கிடைக்கும், பெரிய வேலை இல்லை. இறுக்கம் 25 அடி-பவுண்டு, சுமார் 3.5 கிலோகிராம்-மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் 'கை அளவில்' வைக்கிற இடம் இது அல்ல. போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் புதுசாகவே இருக்கட்டும்.

இறுக்கும் முன் பின்னின் காடி போல்ட் துளைக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தாலும் போல்ட் காடியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு இறங்கும், இறுகியது போல ஏமாற்றும். இறுக்கியபின் பிஸ்டனை இரு பக்கமும் நகர்த்துங்கள், இடைவெளி இரு பக்கமும் சமமாக வர வேண்டும். இந்த போல்ட் ஓட்டத்தில் தளர்ந்தால் பின்னைத் தடுத்து நிறுத்த வேறு எதுவுமே இல்லை, நேராகச் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நிதானமான மனநிலையில், ஒரே உட்காரலில், போன் எடுக்காமல் செய்யுங்கள்.

## வழி மூன்று: பிரஸ் ஃபிட், வீட்டில் ராடைச் சூடாக்கி

செய்ய முடியும், கணக்கும் சரியாக வரும். பிரஸ் ஃபிட்டில் பின் ராடின் துளையைவிடச் சுமார் 0.02 முதல் 0.03 மி.மீ. பெரியது. 20 மி.மீ. எஃகுத் துளையை 250 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.05 மி.மீ. விரியும், பின் தானாக வழுக்கி உள்ளே போகும். ராடு குளிர்ந்ததும் கவ்விக்கொள்ளும்.

கணக்கில் வராதது நேரம். பின் உள்ளே நுழைந்த கணத்திலிருந்து ராடின் சூட்டை உறிஞ்சுகிறது. உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. அதற்குள் பின் பிஸ்டனின் ஒரு துளை, ராடு, மறு துளை மூன்றையும் கடந்து சரியாக நடுவில் நிற்க வேண்டும். நிறுத்த ஒரு தடைக்கட்டை இல்லாமல் கைக்கணக்கில் நிறுத்த முடியாது. அதைவிட மோசம் சூடு. கேஸ் அடுப்பிலோ ஊதுவிளக்கிலோ காட்டினால் ஒரு பக்கம் 200 டிகிரி, இன்னொரு பக்கம் 350 டிகிரி என்று ஏறும். எஃகு வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு வந்தால் சரி. நீலம் ஏறிவிட்டால் 300 டிகிரியைத் தொட்டாயிற்று, அந்த ராடை நான் என் என்ஜினில் போட மாட்டேன். குறிப்பிட்ட சூட்டில் உருகும் மெழுகுக்குச்சியால் ராடில் கோடு போட்டு, மின்சார ஹாட் பிளேட்டில் மெதுவாக ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. முதல்தடவை செய்கிறவர் என்றால் வேண்டாம். நான்கு பிஸ்டனில் ஒன்று பாதி வழியில் நின்றால் அந்த ஒன்று தனியாகக் கிடைக்காது, செட்டாகத்தான் வாங்க வேண்டும்.

## வழி நான்கு: பிரஸ் ஃபிட், போரிங் ஷாப்பில்

பிரஸ் ஃபிட் என்றால் என் பதில் இதுதான். நல்ல கடையில் ராடின் சின்ன முனையை மட்டும் சுற்றிச் சூடாக்கும் மின் அடுப்பும், பின் நிற்க வேண்டிய ஆழத்துக்குத் தடையும் இருக்கும். சில இடங்களில் சூடாக்காமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். அதுவும் சரிதான், ஆனால் பிஸ்டனைத் தாங்கும் அச்சு அதன் வடிவத்துக்கே இருக்க வேண்டும். வெறும் இரும்புப் பலகைமேல் பிஸ்டனைப் படுக்க வைத்து அழுத்துவதைப் பார்த்தால் உங்கள் சாமானை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், பிஸ்டனின் பாவாடை (கீழ்ப்பக்கச் சுவர்) நெளிந்துவிடும்.

கொடுக்கும்போது எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதை நீங்களே குறித்துக் கொடுங்கள். பிஸ்டன் தலையில் அம்பு இருக்கும், ராடில் எண்ணோ எண்ணெய்த் துளையோ இருக்கும். இரண்டும் எப்படிச் சேர வேண்டும் என்று பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்தால் வாக்குவாதமே வராது. கடையில் இருபது என்ஜின் கிடக்கும், உங்கள் வண்டியின் திசை அவர்களுக்கு எப்படி நினைவிருக்கும்? பிரஸ் ஃபிட்டில் திசை மாறினால் மீட்சியில்லை.

## வழி ஐந்து: ஃப்ளோட்டிங்காக மாற்றுவது

"வேலையோடு வேலையாக புஷ் போட்டு ஃப்ளோட்டிங் ஆக்கிவிடலாமே" என்று எந்தப் பட்டறையிலும் ஒருவர் சொல்வார். ராடின் கண்ணைப் பெரிதாக்கினால் சுற்றி மிச்சமிருக்கும் உலோகம் மெலியும். எண்ணெய்த் துளை புதிதாகப் போட வேண்டும். பிஸ்டனில் சர்க்கிளிப் காடி இல்லை, காடியுள்ள பிஸ்டன் தேட வேண்டும். கிளாம்ப் ராடில் பிளவு இருப்பதால் அதில் நேரடியாக புஷ் ஏற்றவே முடியாது, ராடையே மாற்ற வேண்டும். அடிக்கடி என்ஜினைப் பிரிக்கும் ரேஸ் வண்டிக்கு இதில் அர்த்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பீச் ரோடு பக்கம் ஓட்டிக் காட்டும் வண்டிக்கு எதற்கு?

## ஒரு பார்வையில்

| வழி | தேவையான கருவி | தவறினால் | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஃப்ளோட்டிங், வீட்டில் | வெந்நீர், சர்க்கிளிப் பிளையர் | கழற்றிப் போடலாம் | புஷ் மாற்றம், ஹோனிங் | பத்மினி போன்றவை |
| கிளாம்ப், வீட்டில் | பித்தளைக் கட்டை, டார்க் ரெஞ்ச் | ராடு முறுகலாம் | கட்டை கடைவது, ராடு நேர் பார்ப்பது | 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் |
| பிரஸ் ஃபிட், வீட்டில் | ஹாட் பிளேட், சூட்டு மெழுகு, தடைக்கட்டை | பிஸ்டன் போச்சு | மறுசெட் | முன்பு செய்தவருக்கு மட்டும் |
| பிரஸ் ஃபிட், கடையில் | போட்டோவும் குறியும் | கடையோடு பேச வேண்டும் | அலைச்சல், காத்திருப்பு | மற்ற எல்லோருக்கும் |
| ஃப்ளோட்டிங்காக மாற்றம் | முழு மெஷின் ஷாப் | ராடு வீண் | புது பிஸ்டன், சில வேளை புது ராடு | ரேஸ் வண்டி |

## எந்த வழியானாலும் விடக்கூடாதது

ராடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு முதல் சாட்சி காசில்லாமல் கையிலேயே இருக்கிறது: பழைய பிஸ்டன். அதன் பக்கவாட்டில் தேய்மானம் செங்குத்தாக நடுவில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பழைய பிஸ்டனை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டுப் பிறகு இதைப் படிக்கிறவர்கள் ராடை போரிங் ஷாப்பில் காட்டிவிடுங்கள்.

ஆகப் புதுப்பாளையத்துக்காரருக்கு: நான்கு ராடையும் நான்கு பின்னையும் எண் போட்டு ஹோனிங்குக்குக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு காலையில் வெந்நீர் வைத்து நீங்களே போடுங்கள். அப்பாவின் வண்டி, அந்த வேலையை இன்னொருத்தருக்கு விட வேண்டாம். மழை பிடிப்பதற்குள் முடித்துவிட்டால் துருத் தொல்லையும் இருக்காது.

லாஸ்பேட்டைக்காரருக்கு: முதலில் பித்தளைக் கட்டை. அது கைக்கு வரும்வரை போல்ட்டைத் தொட வேண்டாம். நான்கையும் இறுக்கியபின் ஒவ்வொரு பிஸ்டனையும் கையில் பிடித்து ராடை ஆட்டிப் பாருங்கள். மூன்று ஒரே மாதிரி சுழன்று ஒன்று மட்டும் எங்கேயாவது பிடித்தால், அந்த ஒன்றை பிளாக்கில் இறக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.